கூத்தாடிக்குக் கோபம் வரலாமா?

படிப்பகத்துத் திண்ணையில் ஒரு மாலை நேரம். பணிமனையிலிருந்து நேராக வந்த தோழர்கள், மூட்டை இறக்கிவிட்டுத் தோள்துண்டை உதறிக்கொண்டு வந்த தோழர்கள், ஆளுக்கொரு ஏட்டைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் இளந்தோழர் ஒருவர் தமது கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டார். பாட்டா அது? படபடவெனப் பொரியும் பேச்சு! மூச்சு விடாமல் ஒருவன் பொழிகிறான். அடியில் தாளம் அதிர்கிறது. மூத்த தோழர் ஒருவர் ஏட்டைத் தாழ்த்தினார்.

"என்ன தம்பி இது? பாடுகிறானா, சண்டை போடுகிறானா?"

"இரண்டும்தான் அண்ணே."

"யார் ஆள்?"

"அமெரிக்காக்காரர் அண்ணே. தொலைக்காட்சியில் சிரிப்பு நடிகர்."

"சிரிப்பு நடிகனா? அவனுக்கு ஏன் இத்தனை கோபம்?"

தோழர் வெள்ளை உள்ளத்தோடுதான் கேட்டார். ஆனால் அதே கேள்வியை, உள்ளத்தில் எள்ளலை வைத்துக்கொண்டு, அமெரிக்க நாட்டின் இசைத் திறனாய்வாளர்கள் பலர் 2011ஆம் ஆண்டிலே கேட்டார்கள். சிரிக்க வைப்பவன் சிரிக்க வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே! அவனுக்கு எதற்குச் சினம்? அவனுக்கு எதற்குக் கண்ணீர்? கூத்தாடிக்குக் கோபம் வரலாமா?

வரலாமா, கூடாதா என்பதை நாம் பார்த்துவிடுவோம்.

2011 நவம்பர் 15ஆம் நாள் அந்த இசைத்தொகுப்பு வெளிவந்தது. பெயர் 'கேம்ப்', முகாம் என்று பொருள். மொத்தம் 13 பாட்டுகள். பாடியவர் பெயராகப் பொறிக்கப்பட்டிருந்தது 'சைல்டிஷ் காம்பினோ'. அது புனைபெயர். வூ-டாங் கிளான் என்ற புகழ்வாய்ந்த ராப் குழுவின் பாணியிலே யார் பெயரைக் கொடுத்தாலும் வேடிக்கையாக ஒரு புதுப்பெயர் சூட்டித் தரும் இணையப் பக்கம் ஒன்று இருந்தது. அது சூட்டிய பெயரையே இவர் சூடிக்கொண்டார். இயற்பெயர் டொனால்டு குளோவர். என்.பி.சி. தொலைக்காட்சியில் 2009 முதல் ஓடிய 'கம்யூனிட்டி' என்ற நகைச்சுவைத் தொடரில், டிராய் பார்ன்ஸ் என்ற வெள்ளந்திப் பிள்ளையாக நடித்து, வீட்டுக்கு வீடு சிரிப்பை விளைவித்தவர். இசை நிறுவனம் ஒன்றின் வழியாக வெளிவந்த அவருடைய முதல் முழு நீள ராப் தொகுப்பு அது.

ராப் என்றால் என்ன? தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அயல்நாட்டு ஆரவாரம் என்கிறார்கள். அந்த ஆரவாரம் எந்த மண்ணிலே முளைத்தது என்று தெரிந்தால் சுளித்த முகம் மலரும்.

நியூயார்க் நகரிலே பிராங்ஸ் என்றொரு பகுதி. ஏழைகள் வாழும் பகுதி. கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. 1948இல் தொடங்கி, அந்தப் பகுதியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு விரைவுச்சாலையைப் போட்டார்கள். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி வரைபடத்தில் கோடு இழுத்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வண்டியில் போகிறவன் வேகமாகப் போவதற்காக, குடியிருந்தவன் குடிபெயர்ந்தான். 1970களில் தொழில்கள் ஓடின, வேலைகள் ஓடின, கட்டடங்கள் தீக்கிரையாயின. எரிந்த கட்டடங்களுக்கு நடுவே வாழ்ந்த பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கக் காசில்லை. இசைப்பள்ளியில் சேர வழியில்லை.

1973 ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் நிழற்சாலையில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்திலே ஒரு சிறு கொண்டாட்டம். பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்க வேண்டும், அதற்குப் பணம் திரட்ட வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை ஏற்பாடு செய்த கொண்டாட்டம். அவளுடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்பவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழற்பலகைகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை மாற்றி மாற்றி ஓட்டினார். ஆட்டம் நிற்கவில்லை, தாளம் முடியவில்லை. அந்தத் தாளத்தின் மேல் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார்கள் இளைஞர்கள். பிறந்தது ராப்!

வாத்தியம் இல்லாதவன் வாயையே வாத்தியமாக்கினான். மேடை இல்லாதவன் தெருவையே மேடையாக்கினான். 1982இல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினர் 'தி மெசேஜ்' என்ற பாட்டிலே சேரி வாழ்வின் அழுக்கையும் அவலத்தையும் எடுத்துச் சொன்னபோது, மாளிகைகளிலே இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குடிசைகளிலே இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தெருமுனைக் கூட்டத்தில், கடன் வாங்கிய ஒலிபெருக்கியில், தொண்டை கட்டப் பேசிப் பழகிய நமக்கு ராப்பை விளங்கிக்கொள்வது கடினமா? எதுகை உண்டு, மோனை உண்டு, அடுக்கு உண்டு, இடிப்பு உண்டு. தாளம் போட்ட மேடைப்பேச்சு அது, தோழர்களே!

சரி, குளோவர் யார்? பிராங்ஸ் தெருவிலே பிறந்தவரா? இல்லை. அங்கேதான் வம்பு தொடங்கியது.

1983 செப்டம்பரில் கலிபோர்னியாவில் பிறந்தார்; வளர்ந்தது தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில், ஸ்டோன் மவுண்டன் என்ற ஊரில். கல்மலை என்று பொருள். ஊரின் பெயரே ஒரு வரலாறு. அடிமை முறையைக் காக்கக் கிளம்பிப் போரிட்டுத் தோற்ற தென்மாநிலக் கூட்டணியின் தலைவர்கள் மூவரின் உருவங்கள், குதிரை மேல் அமர்ந்த கோலத்தில், அந்த மலையின் பக்கவாட்டிலே பிரம்மாண்டமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. செதுக்கி முடித்த ஆண்டு 1972. அடிமை முறை ஒழிந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த மலையுச்சியில்தான் 1915இல் சிலுவையைக் கொளுத்தி, கூ கிளக்ஸ் கிளான் என்ற கொலைகாரக் கூட்டம் புத்துயிர் பெற்றது. 1963இல் வாஷிங்டன் பேரணியிலே மார்ட்டின் லூதர் கிங், விடுதலை முழக்கம் எங்கெங்கே ஒலிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டபோது, இந்த மலையின் பெயரையும் மறவாமல் சொன்னார்.

அந்த மலை நிழலிலே ஒரு கறுப்பினக் குடும்பம். தந்தை அஞ்சல் துறைத் தொழிலாளி. தாய் குழந்தைகள் காப்பகம் நடத்தியவர். தாங்கள் பெற்ற பிள்ளைகளோடு, ஆதரவற்ற பிள்ளைகளையும் வீட்டில் வைத்து வளர்த்த குடும்பம். யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த வீடு. ஆகவே தொலைக்காட்சிக்குக் கட்டுப்பாடு. தொலைக்காட்சி பார்க்கத் தடை இருந்த வீட்டுப் பிள்ளைதான் பின்னாளில் தொலைக்காட்சியையே ஆண்டார்! நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாடக எழுத்து படித்து, 2006இல் பட்டம் பெற்றார். 23 வயதிலேயே டினா பே என்ற அம்மையார் தம்முடைய '30 ராக்' நகைச்சுவைத் தொடருக்கு எழுத்தாளராக அவரை எடுத்துக்கொண்டார்.

எப்படி எடுத்துக்கொண்டார்? இதைத் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். வெள்ளையர் மட்டுமே நிறைந்திருந்த எழுத்துக்கூடங்களிலே பிற இனத்தவருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்று என்.பி.சி. நிறுவனம் ஒரு திட்டம் வைத்திருந்தது. அத்திட்டத்தில் வருகிறவருக்கு ஊதியத்தை நிறுவனமே கொடுத்துவிடும், தொடருக்குச் செலவில்லை. குளோவர் வந்தது அந்த வழியாகத்தான் என்பதைப் பின்னாளில் டினா பே அம்மையாரே மறைக்காமல் சொன்னார்.

ஆ! சலுகையில் வந்தவனா? என்று உதட்டைப் பிதுக்குவார்கள் சிலர். அந்தப் பிதுக்கலை நாம் பார்க்காதவர்களா? 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புரிமை ஆணை பிறப்பித்த நாள் தொட்டு, தகுதி போச்சு, திறமை போச்சு என்று ஓலமிட்ட ஓலம் இன்னும் நம் காதுகளில் ஒலித்துக்கொண்டுதானே இருக்கிறது! கதவைத் திறந்துவிட்டது திட்டம். உள்ளே போய் எழுதிக் குவித்தது யார்? திட்டமா எழுதியது? தொடரை ஓட்டியது இவருடைய மூளை அல்லவா! பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவனுக்குத் திறமை இல்லை என்று சொல்வது, கையைக் கட்டிப்போட்டுவிட்டு நீந்தத் தெரியவில்லை என்று சிரிப்பதற்குச் சமம். ஆனால், அந்தச் சிரிப்பு உள்ளே வந்த பிறகும் ஓய்வதில்லை. நான் என் திறமைக்காக வந்தேனா, என் நிறத்துக்காக வந்தேனா என்று அந்த இளைஞரே தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு தவித்தார். சாட்டையைக் கண்டவனுக்குத் தெரியும் அதன் வலி. சாட்டை கண்ணுக்குத் தெரியாமல் மனத்திலே விழும்போது, வலி இன்னும் கூடுதல்.

அடுத்து வந்தது இன்னொரு கூத்து. 2010இல் 'ஸ்பைடர்மேன்' படத்துக்குப் புதிய நடிகரைத் தேடினார்கள். குளோவரையும் தேர்வுக்காவது அழையுங்களேன் என்று அவருடைய ரசிகர்கள் இணையத்தில் இயக்கம் நடத்தினார்கள். கவனியுங்கள்: வேடத்தைக் கொடு என்று கேட்கவில்லை, தேர்வு செய்ய ஒரு வாய்ப்புக் கொடு என்றுதான் கேட்டார்கள். உடனே கிளம்பியது கூச்சல்! சிலந்தி மனிதன் கறுப்பனாக இருக்கலாமா? சிலந்தி கடித்தால் சுவரிலே ஏறலாம் என்பதை நம்புவார்கள். கறுப்பன் ஏறினான் என்றால் மட்டும் நம்ப முடியாதாம்! வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கூச்சல் வீணாகவில்லை. சிலந்தி மனிதன் உடுப்பில் குளோவர் தொலைக்காட்சியில் தோன்றிய காட்சி, படக்கதை எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிசுக்கு ஓர் ஊக்கத்தைத் தந்தது. 2011 ஆகஸ்டில், மைல்ஸ் மொரேல்ஸ் என்ற கறுப்பின இளைஞன் படக்கதையிலே சிலந்தி மனிதனாக வந்தான். கதவை மூடினார்கள், சுவரே வழி விட்டது.

இத்தனையும் நெஞ்சிலே அடக்கிக்கொண்டிருந்த ஒருவர், ஒலிபெருக்கி முன் வந்து நின்றால் என்ன பேசுவார்? வெறும் நகைச்சுவைத் துணுக்கா பேசுவார்?

'கேம்ப்' ஒரே நாளில் பிறந்ததல்ல. அதற்கு முன்பே பல தொகுப்புகளைச் செய்து, காசு வாங்காமல் இணையத்திலே வாரி இறைத்திருந்தார். பகலில் படப்பிடிப்பு, மற்ற நேரத்தில் பாட்டு. 'கம்யூனிட்டி' தொடருக்கு இசையமைத்த லூட்விக் யோரன்சன் என்ற சுவீடன் நாட்டு இளைஞர் கைகோத்தார். படப்பிடிப்புத் தளத்திலே கிடைத்த நட்பு, பாட்டுப் பட்டறையிலே பலன் தந்தது. கிளாஸ்நோட் நிறுவனம் வெளியிட்டது. முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 52,000 படிகள் விற்றன. பில்போர்டு ஏட்டின் பட்டியலில் 11ஆம் இடம். அறிமுகப் பாடகருக்கு அது சிறிய வெற்றியல்ல.

முதல் பாட்டே குடும்பக் கதை. இரவு வேலைக்குப் போகும் தந்தை. சொந்த வீடு என்ற கனவுக்குக் காசு சேர்க்கும் பாடு. பிள்ளை நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்று தவிக்கும் பெற்றோர். அந்த நல்ல பள்ளியிலே தனித்து நிற்கும் கறுப்புப் பிள்ளை. கூடவே வளர்ந்து, பாதை பிரிந்து, முகம் மாறிப்போன உறவுக்காரப் பையன். தோழர்களே, இது அமெரிக்கக் கதை மட்டுமா? ஒரு தெருவிலே ஓடி விளையாடிய இரண்டு பிள்ளைகள். ஒருவன் படித்து மேலே போனான், ஒருவன் படிக்க வழியின்றித் தெருவிலேயே நின்றான். மீண்டும் சந்திக்கும்போது என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. படித்தவன் நெஞ்சில் ஒரு குற்ற உணர்வு. நின்றவன் கண்ணில் ஒரு கசப்பு. பிரித்தது அவர்களா? இல்லை. பிரித்து வைத்தது சமுதாயம். குற்றவாளிக் கூண்டில் நிற்பது மட்டும் அந்த இரண்டு பிள்ளைகள்!

கடைசிப் பாட்டின் முடிவிலே தாளம் ஓய்கிறது. பேச்சு மட்டும் நிற்கிறது. முகாம் முடிந்து பேருந்திலே திரும்பும் 13 வயதுச் சிறுவன். பக்கத்திலே ஒரு சிறுமி. தன் உள்ளத்திலுள்ளதை அச்சத்தோடு அவளிடம் சொல்கிறான். அவள் அதைத் தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிப்பு அவன் காதிலே விழுகிறது. அவ்வளவுதான் கதை. அந்தச் சிறுவன் தேறினான், வென்றான் என்று பெருமை பேசவில்லை. அந்தப் பயணம் இன்னும் முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார், நாடே அறிந்த நடிகர். நகைக்கப்பட்டவன்தான் நகைச்சுவைக்காரன் ஆனான் என்பதை இதைவிட எளிமையாக எப்படிச் சொல்வது?

இதற்குக் கிடைத்த வரவேற்பு என்ன? புகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் அந்நாளில் இளைஞர்களின் இசைச் சுவையை நிறுத்துப் பார்த்துச் சொல்லும் தராசாகத் திகழ்ந்த 'பிட்ச்ஃபோர்க்' ஏடு, பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தது தெரியுமா? 1.6! ஆம், ஒன்று புள்ளி ஆறு! பள்ளியில் நாம் கணக்குப் பாடத்தில்கூட அப்படி வாங்கியதில்லை.

என்ன குற்றச்சாட்டு? ஒருபுறம், இவர் நகைச்சுவை நடிகர். இவருடைய கோபம் நடிப்பு. இன்னொருபுறம், இவர் நல்ல பள்ளியில் படித்தவர், பட்டம் பெற்றவர். சேரியில் துப்பாக்கி ஓசை கேட்டு வளர்ந்தவரல்லர். ஆகவே உண்மையான ராப் பாடகரல்லர். வெள்ளையருக்கு இவர் போதிய வெள்ளையல்லர். சில கறுப்பருக்கு இவர் போதிய கறுப்பருமல்லர்!

நாம் கேட்கிறோம்: கறுப்பு என்றால் இப்படித்தான் பேச வேண்டும், இப்படித்தான் உடுத்த வேண்டும், இந்தத் துன்பத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று அளவுகோல் போட்டது யார்? ஒடுக்கப்பட்டவன் அழுதால் அழுகை ஒரே சுருதியில்தான் இருக்க வேண்டுமா? கூலிக்காரன் மகன் கூலிக்காரனாகவே இருந்து அழுதால்தான் அது உண்மை. படித்து எழுந்து நின்று கேட்டால் அது பொய்யா? படிக்காதே என்று தடுத்தார்கள் ஒரு காலத்தில். தடையை மீறிப் படித்தால், படித்துவிட்டாயே, உனக்கேது துயரம் என்று கேட்கிறார்கள் மறு காலத்தில். வாசலில் நின்றால் தள்ளிப் போ. உள்ளே வந்தால் நீ வேறு ஆள்! வெட்டும் வாளுக்கு இரண்டு பக்கமும் கூர் என்பது இதுதான்.

நகைச்சுவைக்காரனுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை இல்லை என்ற வாதத்தை இந்த நாட்டிலே நாம் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். 1949இல் அறிஞர் அண்ணா எழுத, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்து 'நல்லதம்பி' வந்தது. அதிலே கிந்தனார் கதாகாலட்சேபம் செய்தார் கலைவாணர். வயிறு வலிக்கச் சிரித்தது நாடு. சிரித்து முடித்த பிறகு சிந்தித்தது. படிப்புத்தான் விடுதலை என்று பத்து மேடைகளிலே சொல்ல வேண்டியதை ஒரு சிரிப்பிலே சொல்லிவிட்டார். 'கூத்தாடிகள்' என்று நம்மை ஏசினார்கள். ஏசியவர்களின் ஏச்சு என்ன ஆயிற்று என்பதை 1967 சொன்னது.

ஆகவே, குளோவர் கூத்தாடி என்பதற்காக அவருடைய கோபத்தைத் தள்ள நாம் ஆயத்தமாக இல்லை. ஆனால், அதற்காக அந்தத் தொகுப்பில் குறையே இல்லை என்று கூறவும் நாம் ஆயத்தமாக இல்லை. நேர்மை நமக்கு முக்கியம்.

குறை உண்டு. பெரிய குறையே உண்டு. தன்னை நகைத்தவர்கள் மீது பாய வேண்டிய சினம், பல இடங்களிலே பெண்கள் மீது பாய்கிறது. பெண்ணைப் பண்டமாக்கிப் பேசும் வரிகள் உண்டு. ஆசிய இனப் பெண்களை இனத்தின் பெயரால் கேலிப்பொருளாக்கும் வரிகளும் உண்டு. இனத்தின் பெயரால் எள்ளப்பட்டேன் என்று ஒரு பாட்டில் குமுறியவர், இன்னொரு பாட்டில் இன்னோர் இனத்துப் பெண்ணை எள்ளுவது என்ன நியாயம்? பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்ட பெரியாரின் பாசறையிலே பயின்ற நாம் அதைக் கண்டும் காணாமல் போக முடியாது. தான் பட்ட அடியைத் தனக்குக் கீழே நிற்பவர் மேல் இறக்குவது, ஆண்டான் கற்றுக்கொடுத்த பாடம். விடுதலை கேட்பவன் மறக்க வேண்டிய பாடம். திறனாய்வாளர்கள் இதைச் சுட்டியபோது, அவர்கள் சொன்னது சரி. தன்னிரக்கம் மிகுதி, தற்பெருமை மிகுதி என்றபோதும், முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டோம்.

எது தவறு? இப்படிப் பாடினாய், திருத்திக்கொள் என்பது திறனாய்வு. நீ யார் பாட என்பது ஆணவம். முன்னதைத் தலைவணங்கிக் கேட்க வேண்டும். பின்னதை நிமிர்ந்து நின்று மறுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் போனால், புகழ் வரும்போது மயங்குவோம், இகழ் வரும்போது மடங்குவோம்.

குளோவர் மயங்கவும் இல்லை, மடங்கவும் இல்லை. 1.6 வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. 2013இல் அடுத்த தொகுப்பைத் தந்தார். 2016இல் 'அட்லாண்டா' என்ற தொலைக்காட்சித் தொடரைப் படைத்தார். கதை என்ன? ராப் பாடும் தன் உறவுக்காரனுக்கு மேலாளராகி, வறுமையிலிருந்து தலைதூக்கப் பார்க்கும் ஒரு கறுப்பின இளைஞனின் கதை. 'கேம்ப்' முதல் பாட்டிலே பிரிந்து போன அந்த இரண்டு பிள்ளைகளை, இந்தத் தொடரிலே ஒன்று சேர்த்துவிட்டாரோ என்று நமக்குத் தோன்றுகிறது! அந்தத் தொடரைத் தொடங்கியபோது எழுத்துக்கூடத்தில் அமர்ந்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பினத்தவர். 23 வயதிலே சலுகைக் கதவு வழியே தனியாக உள்ளே போனவர், பத்தாண்டு கழித்துத் தம் மக்களைக் கூட்டி வந்து கூடத்தை நிரப்பினார். தகுதி, தகுதி என்று கூவியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 2017இல் எம்மி விருது விழாவிலே சிறந்த நகைச்சுவை நடிகர் விருதோடு, நகைச்சுவைத் தொடர் இயக்கத்துக்கான விருதும் அவருக்கு. இயக்கத்துக்கான அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

2018 மே மாதம் வந்தது 'திஸ் இஸ் அமெரிக்கா'. இதுதான் அமெரிக்கா! காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முன்னே சிரித்துக்கொண்டே ஆடுகிறார். பின்னே துப்பாக்கி வெடிக்கிறது, மக்கள் ஓடுகிறார்கள். பாடிக்கொண்டிருக்கும் தேவாலயப் பாடகர் கூட்டம் சுட்டு வீழ்த்தப்படுகிறது. 2015இல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்திலே வெள்ளை வெறியன் ஒருவன் ஒன்பது கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்ற கொடுமை பார்த்தவர் நெஞ்சிலே எழுகிறது. கூத்தாடியின் ஆட்டத்தைப் பார், பின்னால் நடக்கும் கொலையைப் பாராதே என்றுதானே இத்தனை நாளும் பழக்கினீர்கள்? இதோ, இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறேன் என்றார். கூத்தே குற்றப்பத்திரிகை ஆயிற்று!

2019 பிப்ரவரியில் கிராமி விருதுகள். ஆண்டின் சிறந்த பாடல், ஆண்டின் சிறந்த இசைப்பதிவு ஆகிய தலையாய இரண்டு விருதுகளும் உட்பட நான்கு விருதுகள் அந்தப் பாட்டுக்கு. அவ்விரண்டு தலையாய விருதுகளை ஒரு ராப் பாட்டு பெற்றது அதுவே முதல் முறை. விழாவுக்கு அவர் வரவே இல்லை. கூட இருந்த சுவீடன் நண்பர் யோரன்சன், அதே மாதத்தில் 'பிளாக் பேந்தர்' படத்தின் இசைக்கு ஆஸ்கார் பெற்றார்; 2024இல் 'ஓப்பன்ஹெய்மர்' படத்துக்கு மீண்டும் பெற்றார். அதே 2024இல் குளோவர், காம்பினோ என்ற பெயரில் தமது கடைசித் தொகுப்பு என்று கூறி ஒன்றை வெளியிட்டு, அந்தப் புனைபெயருக்கு விடை கொடுத்தார்.

ஆக, வென்றுவிட்டார், அதனால் அவர் பக்கமே நியாயம் என்று முடிப்போமா? அப்படி முடித்தால் நாமும் பரிசைப் பார்த்துப் பல் இளிப்பவர்கள் ஆவோம். வெல்லாமல் போயிருந்தாலும் அவருக்குப் பேசும் உரிமை உண்டு. அதுதான் நம் வாதம். எத்தனையோ அஞ்சல் தொழிலாளிகளின் பிள்ளைகள் முதல் முயற்சியிலேயே நீ யார் என்ற ஒரு சொல்லில் ஒடிந்துபோயிருப்பார்கள். அவர்கள் பெயர் ஏடுகளில் இல்லை. 1.6 என்ற எண்ணைத் தாங்கும் வலிமை எல்லாத் தோள்களுக்கும் இராது. இவருக்குக் கையிலே ஒரு தொலைக்காட்சி வேலையாவது இருந்தது. விழுந்தாலும் சோறு இருந்தது. அதுவும் இல்லாத பிள்ளைக்கு யார் துணை?

நாம்தான் துணை, தோழர்களே! பிராங்ஸ் தெருவிலே பிறந்த ராப், கடல் கடந்து சென்னைக்கு வந்து பல காலமாயிற்று. 2018இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் ராப்பையும் கலந்து சாதி ஒழிப்பைப் பாடியபோது, இது பாட்டா என்று கேட்டவர்களும் உண்டு. உங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை இருப்பான், பெண்பிள்ளையாகவும் இருக்கலாம். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலே எதையோ கிறுக்கும். கைபேசியிலே தாளத்தைப் போட்டுக்கொண்டு தனக்குத்தானே பேசும். வேடிக்கை செய்து எல்லோரையும் சிரிக்க வைக்கும் பிள்ளையாகக்கூட இருக்கும். ஒரு நாள் அது சிரிப்பை நிறுத்திவிட்டுச் சீறும். அன்றைக்கு, உனக்கு எதற்கு இந்த வேலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். தவறு இருந்தால் தட்டிச் சொல்லுங்கள். பெண்ணை இழிவுபடுத்தினால் காதைத் திருகுங்கள். ஆனால் ஒலிபெருக்கியைப் பிடுங்காதீர்கள்!

படிப்பகத்துத் திண்ணையிலே அந்த மூத்த தோழர் முழுப் பாட்டையும் கேட்டார். ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை. நமக்கும் பாதிதான் புரிந்தது. இளந்தோழர் இடையிடையே நிறுத்தி, தமிழிலே பொருள் சொன்னார். இரவு வேலைக்குப் போகும் தந்தை வந்த இடத்திலே மூத்தவர் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. அவரும் இரவுப் பணிக்குப் போனவர்தான்; அவர் மகனும் தூங்குகிற அப்பாவைப் பார்த்தே வளர்ந்தவன்தான். பாட்டு முடிந்தது. சற்று நேரம் யாரும் பேசவில்லை.

"கோபம் இல்லை தம்பி இது," என்றார் அவர். "அப்பன் பட்ட பாட்டை மகன் கணக்கெடுக்கிறான். போடு, அடுத்த பாட்டையும் கேட்போம்."